கல்லே தண்டவாளமான பாதை

இருப்புப்பாதை என்னும் தமிழ்ச் சொல்லில் முதலில் நிற்பது இரும்பு. தண்டவாளம் என்றாலே இரும்பு அல்லது எஃகு என்று இன்று எல்லாரும் கொள்வதால், அச்சொல்லை எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆயினும் இங்கிலாந்தின் தென்மேற்கில் உள்ள டெவன் மாவட்டத்தில், 1820ஆம் ஆண்டு முதல் 1858ஆம் ஆண்டு வரை, தண்டவாளத்தில் ஒரு துண்டு இரும்பும் இல்லாத பாதை ஒன்று மலையிலிருந்து சமவெளிக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. அப்பாதையின் தண்டவாளமும் கருங்கல், அதன்மேல் சென்ற சரக்கும் கருங்கல். ஹேடோர் கருங்கல் டிராம்வே என்று வரலாற்று நூல்கள் குறிக்கும் அந்தப் பாதையில் வண்டி ஓடுவது நின்று 160 ஆண்டுகளுக்கு மேலாகியும், அதன் பெரும்பகுதி போட்ட இடத்திலேயே கிடக்கிறது.

டார்ட்மூர் என்பது டெவன் மாவட்டத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் மேட்டு நிலம். ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் அடியில் உருகிக் கிடந்த பாறைக் குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் உண்டான கருங்கல்லே இம்மேட்டின் உடல். மேலிருந்த மண்ணும் பிற பாறைகளும் நெடுங்காலத்தில் கரைந்து போனபின், அக்கல் மொட்டைப் பாறைகளாக ஆங்காங்கே தலை நீட்டி நிற்கிறது. அத்தகைய பாறைக் குன்றுகளை அவ்வூரார் ‘டோர்’ என்பர். மேட்டின் கிழக்கு ஓரத்தில், கடல் மட்டத்திலிருந்து 457 மீட்டர் உயரத்தில் நிற்பது ஹேடோர். அதன் வடபுறச் சரிவில்தான் கல்குவாரிகள் வெட்டப்பட்டன. மரம் குறைந்த புல்வெளி, ஈரக்காற்று, திடீரென்று இறங்கி வழி மறைக்கும் மூடுபனி ஆகியவை கொண்ட இந்த இடத்திலிருந்து, பல டன் எடையுள்ள கற்களை ஏறத்தாழ 400 மீட்டர் கீழே இறக்கி, கடலுக்குக் கொண்டு சேர்ப்பதே அந்நாளில் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்.

கருங்கல்லின் எடை அத்தகையது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் கொண்ட கருங்கல் கட்டி இரண்டரை டன்னுக்கு மேல் இருக்கும். மண்சாலையில் அத்தகைய கல்லை ஏற்றிய வண்டி மழைக்காலத்தில் அச்சு வரை புதையும். அதனால்தான், பயணிகள் ஏறும் இரயில் பிறப்பதற்கு நெடுநாள் முன்பே, சுரங்கங்களிலும் குவாரிகளிலும் கட்டைகளையோ வார்ப்பிரும்புப் பட்டைகளையோ இணையாகப் பதித்து, அவற்றின்மேல் குதிரை இழுக்கும் வண்டிகளை ஓட்டும் வழக்கம் தோன்றியிருந்தது. அத்தகைய பாதைகளுக்கே டிராம்வே என்று பெயர். இந்தியாவிலும் வரிசை அவ்வாறே அமைந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தாணேவுக்குச் சென்ற வண்டியையே நாட்டின் முதல் பயணியர் இரயில் என்று பாடநூல்கள் கற்பிக்கின்றன. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1830களின் பிற்பகுதியில், சென்னைக்கு வடமேற்கே உள்ள செங்குன்றத்திலிருந்து சாலை போடுவதற்கான செம்புரைக்கல்லைக் கொண்டுவர ஓர் இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. அம்முயற்சியோடு தொடர்புடைய பொறியாளர் ஆர்தர் காட்டன், பின்னர் கோதாவரியின் குறுக்கே தவளேசுவரத்தில் அணை கட்டியபோதும் கல்லைக் கொண்டு செல்லத் தண்டவாளத்தையே நாடினார். ஆளை ஏற்றுமுன் இரயில் கல்லைச் சுமந்து பழகியது.

ஹேடோர் பாதையை அமைத்தவர் ஜார்ஜ் டெம்ப்ளர். அவருடைய பாட்டனார் ஜேம்ஸ் டெம்ப்ளர் இந்தியாவில் பெரும்பொருள் ஈட்டித் திரும்பி, கப்பல் துறைக் கட்டுமான ஒப்பந்தங்களில் மேலும் வளர்ந்து, டார்ட்மூர் அடிவாரத்தில் ஸ்டோவர் என்னும் பண்ணையை வாங்கி மாளிகை எழுப்பியவர். அவருடைய மகனான இரண்டாம் ஜேம்ஸ், 1790களின் தொடக்கத்தில், தம் நிலத்துக்கு அருகே தோண்டப்பட்ட வெண்களிமண்ணைப் படகில் அனுப்புவதற்காக ஸ்டோவர் கால்வாயை வெட்டினார். அக்களிமண் பீங்கான் செய்யப் பயன்பட்டதால், கப்பல் ஏறி வடக்கே மட்பாண்டத் தொழில் ஊர்களுக்குச் சென்றது. கால்வாயின் நீளம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. எனினும் அது டீன் ஆற்றின் முகத்துவாரத்தைத் தொட்டதால், அங்கிருந்து டின்மத் துறைமுகம் வரை நீர்வழி தடையின்றிக் கிடைத்தது. ஜார்ஜ் டெம்ப்ளர் மலைக் கல்லில் கை வைத்தபோது, இந்த நீர்வழி ஆயத்தமாக இருந்தது. இல்லாதிருந்தது மலைக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 14 கிலோமீட்டர் மட்டுமே.

அந்த இடைவெளியை அடைக்க அவர் இரும்பை நாடவில்லை. அந்நாளைய வார்ப்பிரும்புத் தண்டவாளம் விலை மிகுந்தது, கனத்த சுமையின் அடியில் எளிதில் உடைவது. தட்டி நீட்டக்கூடிய தேனிரும்பால் நீண்ட தண்டவாளங்களை உருட்டி எடுக்கும் முறைக்கு ஜான் பிர்கின்ஷா காப்புரிமை பெற்றதே அதே 1820ஆம் ஆண்டில்தான். கருங்கல்லோ குவாரியின் வாசலிலேயே கிடந்தது. அதைச் செதுக்கத் தெரிந்த கைகளும் அங்கேயே இருந்தன. விற்பனைக்கு உதவாத துண்டுகளையும் பாதைக்குப் பயன்படுத்தலாம். வெளியிலிருந்து எதையும் வாங்காமல், மலையைக் கொண்டே மலைக்கு வழி போட்ட இந்த முடிவைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடக் கூடாது. கையில் உள்ள பொருளின் குணம் அறிந்து எடுத்த, அறிவார்ந்த முடிவு அது.

பாதையின் அமைப்பைச் சற்று விரிவாகவே காணவேண்டும். ஒவ்வொரு தண்டவாளமும் ஒரு மீட்டருக்கு மேல் இரண்டரை மீட்டர் வரை நீளமுள்ள கருங்கல் பாளங்களால் ஆனது; நீளம் கல்லுக்குக் கல் வேறுபடும். பாளத்தின் மேல்முகத்தில் வெளிப்பக்கமாக ஒரு படி போல் கல்லைக் கொத்தி எடுத்து, உட்பக்கத்தைச் சற்று உயரமாக விட்டிருப்பர். வண்டிச் சக்கரம் அந்தப் படியின்மேல் உருளும்; உயர்ந்து நிற்கும் உள்விளிம்பு அது பாதையை விட்டு விலகாமல் தடுக்கும். இன்றைய இரயிலில் சக்கரத்துக்கே உள்பக்கம் ஒரு விளிம்பு இருப்பதால் தண்டவாளம் விளிம்பற்று இருக்கிறது. ஹேடோரில் இது தலைகீழ், விளிம்பு பாதையில் இருந்தது, சக்கரம் சாதாரண மாட்டுவண்டிச் சக்கரம் போல் வழுவழுவென்றிருந்தது. இரு கல்வரிசைகளுக்கும் இடையே இருந்த அகலம் ஏறத்தாழ 1.3 மீட்டர். குறுக்குக் கட்டைகள், அதாவது இரு தண்டவாளங்களையும் பிணைத்து நிறுத்தும் ‘ஸ்லீப்பர்’ கட்டைகள், இங்கே தேவைப்படவில்லை. பாளங்கள் தம் எடையாலேயே அசையாமல் கிடந்தன. அதனால் நடுவழி தடையின்றி இருக்க, குதிரைகள் கால் இடறாமல் நடக்க முடிந்தது.

பாதை பிரியும் இடங்களே கல்தச்சரின் திறமையை முழுதாகக் காட்டுகின்றன. ஹேடோரின் பிரதான குவாரிகளிலிருந்தும் ஹோல்வெல் போன்ற பக்கத்துக் குவாரிகளிலிருந்தும் கிளைகள் வந்து கூடுவதால், ஒரு கிளையிலிருந்து மறுகிளைக்கு வண்டியைத் திருப்பும் ஏற்பாடு வேண்டியிருந்தது. நம் ஊர் இரயில்வேக்காரர்கள் ‘பாயிண்ட்’ என்று சொல்லும் அதே ஏற்பாடு. இங்கே பெரிய கல் ஒன்றில் இரு வழிகளுக்கும் உரிய தடங்களை ஒன்றையொன்று வெட்டிச் செல்லுமாறு செதுக்கி, சிறிய நாக்கு ஒன்று சுழல்வதற்கான குழியையும் தோண்டினர். அந்த நாக்குகள் போய்விட்டன, குழிகள் இருக்கின்றன. சிலையில் கண் திறக்கும் சிற்பி எவ்வளவு கவனமாக உளியைப் பிடிப்பாரோ, அவ்வளவு கவனம் இந்தச் சந்திப்புக் கற்களில் தெரிகிறது. சக்கரம் ஏற்படுத்திய தேய்மானமும் சில பாளங்களில் புலப்படுகிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்னும் பழமொழியில் எறும்பின் இடத்தில் கல் ஏற்றிய வண்டியை வைத்தால், 38 ஆண்டுகளில் என்ன நிகழும் என்பதை இப்பாதை அளந்து காட்டுகிறது.

கல்லைப் பிளந்த முறையும் அங்கேயே பதிவாகியுள்ளது. பழைய முறையில், பிளக்க வேண்டிய கோட்டில் நீள்குழிகளை உளியால் தோண்டி, அவற்றில் ஆப்புகளை வைத்துச் சம்மட்டியால் அடிப்பர். மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாகக் காணப்படும் ஆப்புக்குழிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏறத்தாழ 1800ஆம் ஆண்டையொட்டி டார்ட்மூரில் இம்முறை மாறியது. துளைக்கம்பியைத் திருகித் திருகி இடித்து வட்டத் துளைகளை வரிசையாக இட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு வளைந்த இரும்புத் தகடுகளைச் செருகி, அவற்றின் நடுவே ஓர் ஆப்பை நிறுத்தி, வரிசை முழுவதையும் ஒன்றன்பின் ஒன்றாக மெல்ல அடித்துக்கொண்டே போவர். அழுத்தம் எல்லாத் துளைகளிலும் சீராக ஏறி, கல் ஒரு கட்டத்தில் நேர்கோட்டில் விரிசல் கண்டு பிரியும். பிளவுபட்ட முகத்தில் பாதித் துளைகள் பல் வரிசை போல் நிற்கும். குவாரிகளைச் சுற்றிலும், தண்டவாளக் கற்களின் பக்கங்களிலும், அந்தப் பாதித் துளைகளை இன்றும் தடவிப் பார்க்கலாம்.

1820ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் பாதை கோலாகலமாகத் திறக்கப்பட்டது. உலகின் முதல் பொது நீராவி இரயில்பாதையாகப் போற்றப்படும் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதை திறப்பதற்கு அப்போது ஐந்தாண்டுகள் இருந்தன. ஹேடோரில் நீராவிக்கு இடமில்லை. இறங்குவதற்குப் புவியீர்ப்பும் ஏறுவதற்குக் குதிரையும் போதும் என்பதே ஏற்பாடு. தட்டையான மரத்தளம் கொண்ட வண்டிகள் பன்னிரண்டு வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, கல் ஏற்றப்பட்டதும் சரிவில் தம் எடையாலேயே இறங்கும். அவை கட்டுமீறி ஓடாமல் பார்த்துக்கொள்வதே வண்டிக்காரர்களின் வேலை. கீழே சுமையை இறக்கியபின், காலி வண்டிகளைப் பதினெட்டுக் குதிரைகள் வரை ஒரே வரிசையாகப் பூட்டி மலைமேல் இழுத்துச் சென்றனர் என்று பதிவுகள் கூறுகின்றன. சரக்கு கீழ்நோக்கி மட்டுமே சென்றதால், குதிரைகள் கல் வண்டியை இழுத்து மலையேற வேண்டியிருக்கவில்லை. சரிவான நிலத்தில் அமைந்த குவாரிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு அக்காலத்தில் இல்லை.

ஆனால் பயணம் அடிவாரத்தோடு முடியவில்லை. வென்டிஃபோர்டு என்னும் இடத்தில் பாதை கால்வாயைத் தொட்டது. அங்கே பாரந்தூக்கிகளால் கற்கள் வண்டியிலிருந்து படகுக்கு மாறும். படகுகள் நீர்ப்பூட்டுகளைக் கடந்து நியூட்டன் அபட் ஊரருகே ஆற்றில் இறங்கும். நீர்ப்பூட்டு என்பது இரு கதவுகளுக்கு இடையே நீரை ஏற்றியும் வடித்தும் படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுசெல்லும் தொட்டி. முகத்துவாரம் வழியாக டின்மத் சென்றதும், ஜார்ஜ் டெம்ப்ளர் அங்கே கட்டிய புதிய துறைமேடையில் கற்கள் மறுபடியும் தூக்கப்பட்டு, கடற்கப்பலில் ஏறும். பிறகு இங்கிலாந்தின் தென்கரையைச் சுற்றி இலண்டன். அங்கே மீண்டும் இறக்கம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூலி, நேரம், விளிம்பு சிதையும் ஆபத்து ஆகியவை உண்டு. இந்தச் செலவே பின்னாளில் பாதையின் ஆயுளைத் தீர்மானித்தது.

அந்தக் கல் சென்று சேர்ந்த இடங்களில் பெரும்புகழ் பெற்றது தேம்சு ஆற்றின் இலண்டன் பாலம். மூத்த ஜான் ரென்னியின் வரைவின்படி அவருடைய மகன் கட்டி, 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் மன்னர் நான்காம் வில்லியம் திறந்து வைத்த அப்பாலத்தில் பல ஊர்க் கருங்கற்களோடு ஹேடோர்க் கல்லும் இடம்பெற்றது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் போன்ற இலண்டன் கட்டடங்களின் பணிகளுக்கும் அக்கல் சென்றது. நூறாண்டு கழித்துப் பாலம் தன் எடையாலும் போக்குவரத்துச் சுமையாலும் ஆற்றுப்படுகையில் மெல்ல அமிழத் தொடங்கியதால், நகராட்சி அதை விற்றுவிட முடிவு செய்தது. 1968ஆம் ஆண்டு ராபர்ட் மெக்கல்லக் என்னும் அமெரிக்கத் தொழிலதிபர் 24,60,000 டாலருக்கு அதை வாங்கி, முகப்புக் கற்களை எண்ணிட்டுப் பிரித்தெடுத்து, அரிசோனாவின் பாலைநிலத்தில் லேக் ஹவாசு நகரில் காங்கிரீட் கூட்டின்மேல் மீண்டும் பொருத்தினார். 1971ஆம் ஆண்டு அக்டோபரில் அங்கே அது திறக்கப்பட்டது. டார்ட்மூர் மூடுபனியில் வெட்டப்பட்ட கல் இப்போது வெயில் கொளுத்தும் பாலையில் நிற்கிறது.

பாதையின் வாழ்வோ குறுகியது. ஜார்ஜ் டெம்ப்ளர் வேட்டை, விருந்து, கவிதை ஆகியவற்றில் பெருவிருப்பம் கொண்டவர். பணக்கணக்கில் அவருக்கு அத்தகைய கைவரிசை இல்லை. கடன் நெருக்கியதால் 1829ஆம் ஆண்டு ஸ்டோவர் பண்ணை, கால்வாய், டிராம்வே அனைத்தையும் சாமர்செட் கோமகனுக்கு விற்றுவிட்டார். குவாரிகள் அதன்பின்னும் இயங்கின. ஆனால் கார்ன்வால் கடற்கரையை ஒட்டியிருந்த குவாரிகள் தம் கல்லை நேரே கப்பலில் ஏற்றக்கூடிய நிலையில் இருந்ததால், அவற்றின் விலைக்கு ஹேடோர் ஈடுகொடுக்க இயலவில்லை. கல்லில் குறையில்லை; மலையிலிருந்து கடல்வரை அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுசெல்ல ஆன செலவில்தான் குறை. 1858ஆம் ஆண்டளவில் பாதை ஓய்ந்தது.

அதன்பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றில் சிந்திக்க வேண்டிய பகுதி. 1866ஆம் ஆண்டு நியூட்டன் அபட்டிலிருந்து மோர்ட்டன்ஹாம்ப்ஸ்டெட் என்னும் ஊர் வரை நீராவி இரயில்பாதை திறக்கப்பட்டபோது, கல்பாதையின் அடிவாரத் தடத்தில் ஒரு பகுதியை அது எடுத்துக்கொண்டது. முறையான நிலையங்கள், பயணியர் வண்டிகள், உறுதியான இரும்புத் தண்டவாளம் ஆகிய அனைத்தும் கொண்ட அந்தப் புதிய பாதையிலும் 1959ஆம் ஆண்டு பயணியர் போக்குவரத்து நின்றது. பின்னர் மேல்பகுதியின் தண்டவாளங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டன. மூடப்பட்ட இரும்புப் பாதைக்கு எங்கும் இதுவே கதி. பழைய இரும்புக்கு விலை உண்டு. எனவே கடைசி வண்டி போனவுடன் கழற்றும் ஆட்கள் வந்துவிடுவர், சில ஆண்டுகளில் கரைமேடும் பாலத்தூண்களும் மட்டுமே மிஞ்சும். கல் பாளத்தைப் பெயர்த்து எடுத்துச் செல்வதற்கு ஆகும் கூலி அதன் விலையை விட அதிகம். விற்கத் தகுதியற்றது என்பதாலேயே ஹேடோர் பாதை பிழைத்தது. இங்கிலாந்தின் தொடக்ககாலச் சரக்குப் பாதைகளைப் பற்றி வேறெங்கும் ஏட்டில் மட்டுமே படிக்கும் செய்திகளை இங்கே நிலத்தில் படிக்க முடிவது அதனால்தான்; இந்த வகையில், ஆடம்பரமான நிலையக் கட்டடங்களை விட இந்தப் புல்வெளிக் கற்கள் வரலாற்றுக்குப் பெரும் துணை.

டார்ட்மூரின் மேற்குப் பக்கத்திலும் இதே பாடம் சற்று வேறு வடிவில் கிடக்கிறது. பிரின்ஸ்டவுன் ஊருக்கு 1883இல் திறக்கப்பட்டு 1956இல் மூடப்பட்ட இரயில்பாதை, வழியில் இருந்த ஸ்வெல் டோர் குவாரியின் கல்லையும் ஏற்றிச் சென்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் பாலத்தை அகலப்படுத்தியபோது, நடைபாதையைத் தாங்குவதற்கான கொடுங்கைக் கற்கள், அதாவது சுவரிலிருந்து வெளியே நீண்டு பாரம் தாங்கும் கற்கள், அங்கே செதுக்கப்பட்டன. அவற்றில் தேவைக்கு மிஞ்சியவை குவாரியின் பக்கப்பாதை ஓரத்திலேயே விடப்பட்டன. அந்தப் பாதையின் இரும்பு போய்விட்டது; ஏற்றப்படாத கொடுங்கைக் கற்கள் இன்னும் வண்டிக்குக் காத்திருப்பவை போல் வரிசையாகக் கிடக்கின்றன.

ஹேடோர் பாதையின் எச்சங்கள் இன்று சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள். மேட்டு நிலத்தில் பாதை தெளிவாகத் தெரிகிறது: புல்லுக்கு இடையே இரு கல்வரிசைகள், தாழ்ந்த இடங்களில் மண் நிரப்பி உயர்த்திய கரைகள், குவாரியின் வாயிலில் பாதை நுழையும் வெட்டுவழி, அங்கே கிளைகள் கூடும் சந்திப்பு. குவாரிக் குழிகளில் நீர் தேங்கிச் சிறு குளங்களாகியுள்ளன. அடிவாரத்தை நெருங்க நெருங்க, வயல்களும் வீடுகளும் வந்துவிட்டதால், தடம் விட்டுவிட்டே தென்படும். ஹேடோரிலிருந்து டின்மத் கடற்கரை வரை கல் சென்ற வழியைப் பின்பற்றி, ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளமுள்ள ‘டெம்ப்ளர் வே’ என்னும் நடைபாதை வகுக்கப்பட்டுள்ளது. பாதைக்கு முதலாளியின் பெயர் நிலைத்துவிட்டது. குளிரிலும் மழையிலும் ஒவ்வொரு பாளத்தையும் கொத்தி, படி செதுக்கி, சமன்பார்த்துப் பதித்த கல்தச்சர்களின் பெயரில் அவ்வழியில் எதுவும் இல்லாதது ஒரு குறையே. அவர்களுடைய உளித்தடம்தான் அவர்கள் இட்ட கையெழுத்து. அங்கே செல்ல நேரும் வாசகர்கள் குன்றின் உச்சிக் காட்சியோடு திரும்பிவிடாமல், வடபுறம் இறங்கி, குனிந்து, அந்தச் சந்திப்புக் கற்களைப் பார்க்கவேண்டும்.

பாதை ஓய்ந்த பின்னரும் ஹேடோர் குவாரியில் இடையிடையே சிறு அளவில் கல் எடுக்கப்பட்டது. கடைசியாக அங்கே கல் வெட்டப்பட்டது 1919ஆம் ஆண்டு, முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எக்ஸிட்டர் நகரில் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னத்துக்காக. அந்தக் கல் இறங்கிய நாளில், கல்பாதையில் வண்டி ஓடி அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன.